செத்தவர்கள் எழுந்திருக்கக் கூடாது

ஒன்பது வயதில் நான் ஒருமுறை செத்துப்போனேன். கோடை லீவில், உச்சி வெயிலில், என் அப்பா வேலை பார்த்த ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அது நடந்தது. செத்ததற்குக் கூலியாக ஒரு புளிச்சோற்றுப் பொட்டலமும் ஒரு வாழைப்பழமும் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு அது நல்ல பேரமாகவே பட்டது.

அரியலூருக்குப் பக்கத்தில் மிகச் சிறிய ஸ்டேஷன் அது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் வண்டிகள்தான் அதிகம் நிற்கும். பாசஞ்சர் வந்தால் நாலு பேர் இறங்குவார்கள், இரண்டு பேர் ஏறுவார்கள். அப்பா அங்கே அசிஸ்டன்ட் ஸ்டேஷன் மாஸ்டர். விபத்து என்று ஒன்று வந்தால் சமாளிப்பதற்கு எங்கள் ஸ்டேஷனிலும் எல்லாம் இருந்தன. சுவரில் வரிசையாகச் சிவப்பு மணல் வாளிகள் தொங்கின. அவை வெற்றிலை எச்சில் துப்புவதற்காக ரயில்வே செய்து கொடுத்த வசதி என்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். அப்பாவின் அறையில் அரக்கு சீல் வைத்த முதலுதவிப் பெட்டி ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவோமே தவிர, திறந்து பார்த்ததில்லை. பிறகு ஒருநாள் பெரிய அதிகாரி வந்து பார்த்தபோது எது சீல், எது பொட்டு என்று அவருக்கே விளங்கவில்லை.

அந்த அதிகாரிதான் ஒத்திகை நடத்த வந்தவர். ரயில் கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். திருச்சியிலிருந்து ரிலீஃப் வண்டி டாக்டர்களோடு பறந்து வரும். அடிபட்டவர்களைத் தூக்குவார்கள், கட்டுப் போடுவார்கள், விசாரிக்க வரும் உறவினர்களுக்குப் பதில் சொல்லிப் பழகுவார்கள். ஓட்டத்துக்கு உதவாத பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பக்கவாட்டு லூப் லைனில் நிறுத்தியாகிவிட்டது. அதில் ஏறி அடிபடுவதற்கு ஆள் வேண்டும்.

அடிபடுவதற்கு ஆள் கிடைத்தது. கால் ஒடிந்தவனாக இருக்க, தண்டவாளம் பார்க்கும் கேங்மேன்களுக்குள் போட்டியே நடந்தது, ஏனென்றால் கால் ஒடிந்தவன் படுத்தே இருக்கலாம். ஆனால் செத்தவனாகப் படுக்க ஒருவரும் வரவில்லை. "சார், புள்ளகுட்டிக்காரன் சார்," என்று ஆளாளுக்கு நழுவினார்கள். கடைசியில், கல் லோடு ஏற்ற எங்கிருந்தோ வந்திருந்த கூலிக்காரர்கள் சிலரைப் பிடித்தார்கள். குழந்தை ஒன்றும் வேண்டும் என்றார் அதிகாரி. அப்பா என்னைப் பார்த்தார். நான் புளிச்சோற்றை நினைத்துத் தலையாட்டினேன்.

அம்மா குதித்தாள். "பெத்த புள்ளைய யாராவது பொணமா படுக்க வெப்பாங்களா?" என்று கேட்டாள். வேலையில் மேலதிகாரி சொன்னால் தட்ட முடியாது என்று அப்பா முனகினார். மறுநாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு உத்தரவு போட்டாள். தெற்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட விடக் கூடாது. அவை இரண்டும் நிஜப் பிணத்துக்கு மட்டும் செய்வது. அந்த இரண்டையும் காப்பாற்றிவிட்டால் மீதியெல்லாம் விளையாட்டு என்பது அம்மாவின் சட்டம்.

உறவினர்களாக வந்து அழுவதற்கும் பெண்கள் தேவைப்பட்டார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. இல்லாத சாவுக்கு அழுதால் சாவு வீடு தேடி வரும் என்று பயம். அப்போதுதான், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்து அத்தை பேசினாள்.

"நான் அழறேன்ண்ணா."

அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தங்கை. செந்துறைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழப்போனவள். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் அவள் புருஷன் வேலை தேடி வடக்கே போனார். எங்கள் ஸ்டேஷனில்தான் வண்டி ஏறினார் என்பார்கள். நான் அப்போது கைக்குழந்தை. ஒரு கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. மாமியார் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "எம்மவன் வர வரைக்கும் அண்ணன் வூட்ல இரு," என்று அத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். போகும்போது கல்யாண போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தை காத்திருந்தாள். சுமங்கலி என்று மஞ்சள் குங்குமம் கொடுக்க ஊர்ப் பெண்களுக்குத் தயக்கம், தாலி அறுத்தவள் என்று சொல்லவும் வாய் வராது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பின்வரிசை, வளைகாப்புக்குக் கூப்பிடவே மாட்டார்கள். தையல் கற்றுக்கொள்ள அரியலூருக்குப் போகட்டுமா என்று கேட்டாள். புருஷன் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்று மாமியார் தடுத்துவிட்டார். வருஷா வருஷம் பொங்கல் கழிந்து வந்து, மருமகள் கழுத்தில் தாலி இருக்கிறதா, தலையில் பூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். பாசஞ்சர் வரும் நேரத்தில் அத்தை எந்த வேலையைப் போட்டுவிட்டாவது குவார்ட்டர்ஸ் வேலியருகில் போய் நிற்பாள். இறங்குகிற நாலு பேரையும் பார்ப்பாள். வண்டி போனதும் வந்து விட்ட வேலையைத் தொடர்வாள். எனக்கு அது, கோழியை அடைப்பது போல அன்றாடம் வீட்டில் நடக்கிற ஒரு காரியம்.

ஒத்திகை நாள் வந்தது. அபாயச் சங்கு ஊதினார்கள். நான் முதலில் பழைய பெட்டிக்குள் கிடந்தேன். ஒரு டாக்டர் வந்து என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் கழுத்தில் கறுப்பு அட்டை ஒன்றை மாட்டினார். பிழைக்கிறவர்களுக்குப் பச்சையும் சிவப்பும். கறுப்பு மாட்டியதோடு டாக்டர் என்னை விட்டு நகர்ந்துவிட்டார். செத்தவர்களுக்கு ஒத்திகையில் வேலை குறைவு. ஒரே ஒரு விதிதான் உண்டு: அதிகாரி விசில் ஊதுகிறவரை எழுந்திருக்கக் கூடாது.

என்னைத் தூக்க வந்த கேங்மேன், தினமும் என்னைக் கண்டால் "என்ன மாஸ்டரம்மா, இன்னிக்கு வண்டி கரெக்ட் டைமா?" என்று வம்பிழுக்கிறவர். அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ என் முகத்தைப் பார்க்காமலே தூக்கினார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது இருபுறமும் நின்றவர்களின் பேச்சு நான் கடக்கக் கடக்க நின்றுபோனது. அப்போதுதான் முதன்முதலாக, எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று தோன்றியது.

பிளாட்பாரக் கோடியில் வேப்ப மரத்தடியில் எங்களைக் கிடத்தினார்கள். விவரம் தெரியாத சிப்பந்திகள் எல்லோரையும் தெற்கே தலை வைத்துப் படுக்க வைக்க, பிணங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டன. அதிகாரிக்கு விஷயம் புரியவே நேரமானது. பிறகு கிழக்கே தலை மாற்றிப் படுத்தோம். வெள்ளைத் துணியை முகம்வரை இழுத்து மூடினார்கள்.

துணிக்குள் ஒரே வெள்ளை வெளிச்சம். என் மூச்சு என் முகத்திலேயே சூடாக அடித்தது. ஒரு காக்கை ரொம்பப் பக்கத்தில் வந்து நடந்தது. எனக்கு அடுத்து, வரிசையின் கடைசியில் ஒரு கல் லோடுக்காரர். முன்பின் பார்த்திராத ஆள். அவரிடமிருந்து பீடி வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனை இருக்கிறவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

தூரத்தில் திடீரென்று அழுகைச் சத்தம் கேட்டது. பக்கத்து ஊருக்கு ஒத்திகை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சங்குச் சத்தம் கேட்டு, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். "நெசமில்லம்மா, சும்மா," என்று சொல்லிச் சொல்லி அவர்களை நிறுத்த வேண்டியிருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். வந்தது வந்தோம் என்று அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு விசாரணை மேஜையில் அத்தையின் குரல் கேட்டது.

"யாரம்மா தேடறீங்க?" என்று கிளார்க் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரைங்க."

"பேரு?"

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில்கூட அப்பாதான் வந்து சொல்ல வேண்டும். அத்தை பேரைச் சொன்னாள். ஒருமுறை மெதுவாக, கிளார்க் காதில் விழவில்லை என்றதும் இரண்டாம் முறை உரக்க. அவள் வாயால் அந்தப் பேரை நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

"எந்த வண்டில வந்தாரு?"

"வந்த வண்டி தெரியாதுங்க. போன வண்டி தெரியும்."

"எப்ப போனாரு?"

"எட்டு வருசம் ஆகுதுங்க."

கிளார்க் சிரித்துவிட்டார். "எங்க வண்டிகூட அவ்வளவு லேட்டா வராதும்மா," என்றார். கூட்டம் சிரித்தது. அத்தை நன்றாக நடிக்கிறாள் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. "அடிபட்டவங்க அந்தப் பக்கம். உசுரு இல்லாதவங்க மரத்தடில. போய்ப் பாருங்க," என்றார் கிளார்க்.

அத்தை அடிபட்டவர்கள் பக்கம் போகவே இல்லை. அவள் கொலுசில்லாத காலடி நேராக எங்களை நோக்கி வந்தது. வரிசையின் முதலில் துணியைத் தூக்கும் சத்தம். பிறகு மூடும் சத்தம். அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமே இல்லை. வேடிக்கை பார்த்தவர்களின் சிரிப்பு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது.

என் துணியைத் தூக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் திறந்தேன். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிற, தன் தட்டிலிருந்து எனக்கு அப்பளம் உடைத்துப் போடுகிற அத்தை என்னைப் பார்த்தாள். என்னைத் தெரிந்த மாதிரியே இல்லை. யாரோ பெற்ற பிள்ளை என்று ஒரு நொடி பரிதாபப்பட்டுவிட்டு, துணியை என் முகத்தில் மறுபடி போட்டாள். நான் கத்தியிருப்பேன். விசில் ஊதாமல் எழுந்தால் சோறு கிடைக்காது என்ற நினைப்புதான் என் வாயை அடைத்தது. அத்தனை பயத்திலும் சோற்றை விடவில்லை, அப்படி ஒரு பிறவி நான்.

துணி சரியாக விழாததால் ஒரு கண்ணுக்கு வழி இருந்தது. பக்கத்து ஆளின் துணியைத் தூக்கி, அத்தை அப்படியே குந்தினாள். வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இவருதான்," என்றாள்.

அந்த ஆள் திடுக்கிட்டுக் கண் திறந்தார். அத்தை உள்ளங்கையால் அவர் இமைகளை நீவி மூடினாள். "மூடிக்கங்க," என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் மூடிக்கொண்டார். அத்தை தன் புடவை ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு நாடா கிழித்தாள். அவருடைய இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். பிறகு நிமிர்ந்து, வேடிக்கை பார்த்த பெண்களிடம், "தலைய தெக்க திருப்பணும். ஒரு கை குடுங்க," என்றாள்.

ஒத்திகை என்று தெரிந்த பெண்கள்தான். ஆனாலும் இரண்டு பேர் எதுவும் கேட்காமல் முன்னால் வந்து, அந்த ஆளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பிப் போட்டார்கள். அத்தை ஒப்பாரியைத் தொடங்கினாள். களை எடுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வெயிலில் அந்த அழுகை கேட்டு, கால் ஒடிந்த கேங்மேன்கள் கட்டோடு எழுந்து வந்து நின்றார்கள். யாருக்கும் அவர்களை உட்காரச் சொல்லத் தோன்றவில்லை.

விசில் ஊதியது. நாங்கள் எழுந்தோம். அந்த ஆள் எழுந்து, விரல் கட்டியிருந்ததால் குப்புற விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. நாடாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தண்டவாளங்களைத் தாண்டி ஓடினார். பொட்டலத்தை வாங்கவில்லை. எங்கள் ஸ்டேஷன் பக்கம் அவர் பிறகு வரவும் இல்லை. அதிகாரி அப்பாவிடம், "உங்க சிஸ்டர் ரொம்ப இயற்கையா செஞ்சாங்க. விருத்தாசலத்துல அடுத்த ஒத்திகைக்கும் அவங்களைக் கூட்டிட்டு வாங்க," என்றார். அப்பா கொடியைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

வீட்டில் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தை எங்களைக் கடந்து கிணற்றடிக்குப் போனாள். புடவையோடு மூன்று குடம் ஊற்றிக்கொண்டாள். குங்குமத்தை அழித்தாள். தாலியைக் கழற்றி, ஒரு கிண்ணம் பாலில் போட்டாள்.

"ஐயோ, என்னடி பண்ற? அது ஒத்திகைடி!" என்று அம்மா அலறினாள்.

"பார்த்துட்டேன் அண்ணி," என்றாள் அத்தை.

"எதைப் பார்த்த?"

"அவரைத்தான்."

செய்தி செந்துறைக்குப் போய், மூன்றாம் நாளே மாமியார் வந்து இறங்கினார். வாசலில் நின்றே ஆரம்பித்தார். எவனோ கூலிக்காரன் காலைக் கட்டிவிட்டு என் மகனைக் கொன்றுவிட்டாயே, நாடகத்தில் செத்தவனுக்கு எவளாவது தாலி அறுப்பாளா என்று மண்ணை வாரித் தூற்றினார். அத்தை எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி வருசம் உசுரோட இருக்காருன்னு நாம நடிச்சோமே அத்தே, அது மட்டும் என்னவாம்?"

மாமியார் கையிலிருந்த மண் அப்படியே நின்றது. வேறு யாரோ பேசுவது போன்ற குரலில் கேட்டார்.

"மொகம் எப்படிடி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி இருந்துச்சு."

"இளைச்சிருந்தானா?"

"கொஞ்சம் இளைச்சுதான் இருந்தாரு."

அந்த ஆள் குண்டாக இருந்தார், பீடி நாற்றம் அடித்தது, நான்தான் பக்கத்தில் படுத்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. மாமியார் வாசல்படியில் சரிந்து, "என் ராசா" என்று ஒரு குரல் எடுத்தார். மகன் போன நாளிலிருந்து அந்த அம்மாள் அழுததே இல்லை என்று பிறகு அம்மா சொன்னாள். அழுவதற்கு அவருக்கும் ஒரு பிணம் தேவைப்பட்டிருக்கிறது. அத்தையும் அவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பதினாறாம் நாள் மருதையாற்றங்கரையில் வைக்கோலில் உருவம் செய்து எரித்து, கருமாதி முடித்தார்கள். பந்தியில் வடை நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு அத்தை வேலிப் பக்கம் போகவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் தலையைக்கூடத் தூக்கமாட்டாள். அரியலூருக்கு பஸ்ஸில் போய்த் தையல் படித்தாள். அப்பா பழைய மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். குவார்ட்டர்ஸ் ஜாக்கெட் எல்லாம் அவள் கைக்கு வந்தது. மாமியாரே செந்துறையிலிருந்து துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவார். அத்தை பாடிக்கொண்டே மெஷின் மிதிப்பதை அந்த வருஷங்களில்தான் கேட்டேன்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனேன். பாசஞ்சர் அப்போதுதான் போயிருந்தது. பிளாட்பாரத்தில் நரைத்த தாடியோடு ஒருவர் துணிப்பையை அணைத்தபடி நின்றிருந்தார். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்து என்னிடம் வந்தார்.

"பாப்பா, மாஸ்டர் வூட்டுப் பொண்ணா நீ?"

"ஆமாங்க."

"உங்க அத்தை… இங்கதான் இருக்காங்களா?"

"வூட்ல தச்சிட்டு இருக்காங்க," என்றேன்.

அதற்குள் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். அந்த மனிதரைக் கண்டதும் நின்றுவிட்டார். அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "மாப்ள," என்றார். அவ்வளவுதான். என் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு, என்னை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா தன் பழைய சிநேகிதர்களை அப்படிக் கூப்பிடுவதுண்டு. அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கூட்ஸ் ஒன்று நிற்காமல் போனது. வெளியே வந்தபோது அந்த மனிதரின் கண்கள் சிவந்திருந்தன. எதிர்த்திசை வண்டி வந்ததும் அப்பா அவரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக அவர் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா பச்சைக் கொடி காட்டினார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் கொடியை இறக்கவில்லை. கேரியரை என்னிடம் கொடுத்து, "வூட்ல ஒண்ணும் சொல்லாத," என்றார். கேரியர் காலியாக இருந்தது.

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்க எனக்கு அப்போது தெரியாது. அத்தை ஒரு பச்சை ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தாடி வைத்த ஒருவர் வந்து அவளைக் கேட்டதையும், அப்பா மாப்ள என்றதையும், வண்டி ஏற்றிவிட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அத்தை மெஷின் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினாள். யார் என்று கேட்கவில்லை. வாசல் பக்கம் திரும்பவும் இல்லை.

"சாப்பிட்டாரா?" என்றாள்.

"அப்பா சோறு மொத்தமும் அவருக்குத்தான் போல. கேரியர் காலி."

"சரி. கேரியரைக் குடு. நான் கழுவறேன்."

கேரியர் கழுவுவது என் வேலை. அதை மிச்சப்படுத்திக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அத்தை அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஒவ்வொரு அடுக்காகச் சாம்பல் போட்டுத் தேய்க்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அம்மா ஊருக்குப் போயிருந்தாள், அத்தை வந்துதான் எனக்குச் சோறு போட வேண்டும். நாலு அடுக்குக் கேரியரைக் கழுவ இவ்வளவு நேரமா என்று, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.